கவறும் சொல்லும்

மக்கள் பொழுதுபோக்கின்பொருட்டு வகுத்துக்கொண்ட விளையாட்டுக்கள் பலவற்றுள்ளும் கதையே விளையாட்டாக நிகழ்வது ஒன்று உளது. ஒரு மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்வர். அவருள் ஒருவர் நடுவராவார். ஏனையோர் தத்தமக்கு ஒவ்வொரு வேடம் பூணுவர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பாணர், ஒருவர் மருந்தறிந்த துறவி என்றிவ்வாறு. அரங்கில்லை, ஒப்பனையில்லை, முன்னரே எழுதிவைத்த பாடமுமில்லை. நடுவர் ஓர் இடத்தையும் ஆண்டு நேர்ந்த ஓர் இடுக்கணையும் சொல்லால் வரைந்துகாட்டி, 'இனி என் செய்வீர்?' என வினவுவர். வேடம் பூண்டோர் விடை கூறுவர். அச்செயல் கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுமிடத்து, இருபது முகமுடைய கவறு ஒன்றை உருட்டி, வீழ்ந்த எண்ணோடு அவ்வேடத்தார்க்குரிய திறனெண்ணைக் கூட்டி, நடுவர் குறித்த இலக்கை எட்டிற்றா எனப் பார்ப்பர். எட்டின் வெற்றி, எட்டாவிடின் தோல்வி. இவ்வளவே இவ்விளையாட்டின் சுருக்கம். ஆங்கிலத்தார் இதனை 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' என்பர். யாம் எம் விடுதியில் 'கதையாட்டம்' எனவே வழங்கி வருகின்றோம்.

இவ்வாட்டத்தில் நடுவராயிருந்து யாம் செய்த பிழையொன்றையும், அப்பிழையால் யாம் கற்றதொன்றையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். விளையாட்டைப்பற்றி ஆண்டு மலரில் எழுதுதல் தகுமோ எனப் பெரியோர் சிலர் நகைத்தல் கூடும். ஒருவன் உள்ளம் உருகிப் பேசுங்கால் அப்பேச்சிற்கு நாம் செவி கொடுக்கின்றோமா, அன்றி எண் கேட்கின்றோமா என்னும் வினா மேசையோடு நின்றுவிடுவதன்று என்பதே அவர்கட்கு எமது விடை.

முதற்கண் இவ்வாட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். எம் பிழை புதியதன்று என்பது அதனால் விளங்கும். பிரஷிய நாட்டுப் படைத்தலைவர்கள் போர்ப்பயிற்சியின்பொருட்டு ஒரு மேசையாட்டம் பயின்றனர். ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையார் 1812-ல் அமைத்ததை அவர்தம் மைந்தர் திருத்தி 1824-ல் நூலாக வெளியிட்டார். அதன் பெயர் 'கிரீக்ஸ்பீல்'. போர்விளையாட்டு என்பது பொருள். நிலப்படத்தின்மேல் படைகளைக் குறிக்குங் கட்டைகளை நகர்த்துவதும், மோதல் நேர்ந்துழிக் கவறு உருட்டிப் பட்டியல் பார்த்து இழப்பைக் கணிப்பதும், இருதிறத்தார்க்கும் இடையே ஒரு நடுவர் இருப்பதும் அதன் முறையாம். விதிகளும் பட்டியல்களும் ஆட்டத்தை மந்தமாக்குகின்றன என்னும் முறையீடு பின்னர் எழுந்தது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்னும் பிரஷியப் படைத்தலைவர், பட்டியலையும் கவற்றையும் விலக்கிப் பட்டறிவுடைய நடுவரின் தீர்ப்பாலேயே ஆட்டத்தை நடத்தலாம் என எழுதினார். ஆகவே, கவறு தீர்ப்பதா நடுவர் தீர்ப்பதா என்னும் வழக்கு நூற்றாண்டு கடந்த பழவழக்காகும்.

அப்போர்விளையாட்டின் வழித்தோன்றலாக 1974-ல் அமெரிக்க நாட்டில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதையாட்டம் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கியோர். ஒரு பெட்டியினுள் மூன்று சிறுநூல்கள். முதலில் அச்சிட்டவை 1,000 படிகளே. வாட்போருக்கு அந்நூல்களில் விதிகள் உள. நயந்து பேசுதல், வழி தேடுதல், மரமேறுதல் போல்வனவோ பெரும்பாலும் நடுவரின் தீர்ப்புக்கே விடப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இத்தகைய திறன்களுக்கெல்லாம் எண் வகுத்து, ஒருமுறை கவறு உருட்டி முடிவு காணும் ஒற்றைத் தேர்வை நிலைநாட்டிற்று.

இதில் ஒரு குறை உண்டு. வாட்போர் எனின் அனைவரும் கூடி அரைமணி நேரம் ஆடுவர். ஒவ்வொருவர்க்கும் அதில் பங்குண்டு. ஓர் அரசனை இணங்கச்செய்து ஒரு நாட்டையே காக்கும் பேச்சோ ஒருவர் ஒருமுறை கவறு உருட்டுவதோடு முடிந்துவிடும். இக்குறையைக் களையவே 2008-ல் வெளிவந்த நான்காம் பதிப்பு 'ஸ்கில் சாலஞ்ச்' என்னும் புதுமுறையைப் புகுத்திற்று. யாம் அதனைத் தொடர்தேர்வு என்போம். குறித்த அளவு தோல்வி நேருமுன் குறித்த அளவு வெற்றியை அனைவரும் சேர்ந்து ஈட்டுதல் வேண்டும் என்பது அதன் சாரம். மிக எளிய தொடர்க்கு 2 தோல்விக்குமுன் 4 வெற்றி. மிகக் கடிய தொடர்க்கு 6 தோல்விக்குமுன் 12 வெற்றி. அந்நூலிலேயே எடுத்துக்காட்டாக ஒரு கோமானிடம் உதவி வேண்டும் காட்சி தரப்பட்டுளது. அவரை அச்சுறுத்த முயல்வோர்க்குக் கவறு பாராமலே தோல்வி குறிக்கப்படும். அதே ஆண்டிலேயே விதி திருத்தப்பெற்று, எல்லாத் தொடர்க்கும் 3 தோல்வியே எல்லை என்றாயிற்று, இலக்கெண்களும் குறைக்கப்பட்டன. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூலநூல்கள் இம்முறையைக் கைவிட்டன. ஆயினும் நடுவர் பலர் அதனைத் தாமே எடுத்தாண்டு வருகின்றனர். ஐந்தாம் பதிப்பை ஆடும் யாமும் அவருள் ஒருவர்.

இனி எம் கதைக்கு வருவோம். சென்ற மழைக்காலப் பருவத்தில், சனிக்கிழமைதோறும் மாலை ஜெபம் முடிந்தபின், விடுதியின் மேல்மாடி அறையொன்றில் யாம் ஐவர் கூடுவது வழக்கம். நடுவர் யாம். கணிதம் பயிலும் நண்பர் மந்திரவாதி. வரலாறு பயில்பவர் பாணர். விலங்கியல் பயில்பவர் துறவி. முதலாண்டு மாணவரான தம்பி ஒருவர் வாள்வீரர். இத்தம்பி மிகக் குறைவாகப் பேசுபவர். வகுப்பில் வினவினாலும் தலைகுனிந்தே விடை சொல்வார்; உணவுக்கூடத்தில் தாமே பேச்சைத் தொடங்கியதில்லை. அவர் வேடம் பூண்ட வாள்வீரர்க்கும் நயந்துபேசும் திறனெண் எல்லாரினுங் குறைவு. பூச்சியத்திற்கும் ஒன்று கீழ்.

அன்றைய கதையில் எல்லைப்புறக் கோட்டையொன்றில் முதிய ஓடக்காரர் ஒருவர் சிறைப்பட்டிருந்தார். பகை நாட்டினின்றும் தப்பியோடி வந்த ஏதிலிகளை இரவோடிரவாக ஆறு கடத்திவிட்டார் என்பது குற்றம். விடிந்தால் தூக்கு. கோட்டைத்தலைவரைக் கண்டு அம்முதியோரை மீட்பது நால்வர் கடன். யாம் இதற்கெனத் தொடர்தேர்வு ஒன்றை ஆயத்தஞ்செய்து, 3 தோல்விக்குமுன் 6 வெற்றி எனத் தாளில் கட்டங்கள் வரைந்துவைத்திருந்தோம். இலக்கு 15. அக்கட்டங்களைக் கண்டு அன்று பெருமிதமும் கொண்டோம். ஒரு கிழவரின் உயிரை ஒரே கவற்றில் தொங்கவிடாமல் பரந்த வாய்ப்பளித்தோம் என்பது எம் எண்ணம்.

பாணர் இருமுறை பேசி இருமுறையும் வென்றார். மந்திரவாதி அந்நாட்டுப் பழஞ்சட்டம் ஒன்றை எடுத்துக்காட்ட முயன்று தோற்றார். அப்போது, எவரும் எதிர்பாராவகையில், தம்பி எழுந்து நின்றார். எழுந்து நின்று பேசுவது எம் ஆட்டத்தில் வழக்கமன்று. அவர் பேசியதன் பொருள் இது: 'ஐயா, நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊர் எரிந்தது. ஆற்றங்கரையில் நின்று அழுதவர்களை ஒரு கிழவர் தம் ஓடத்தில் ஏற்றிக்கொண்டார். யார் பிள்ளைகள் என்று அவர் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அன்று அவர் கேட்டிருந்தால் இன்று உங்கள் கொடியைத் தாங்க இந்தக் கை இருந்திராது. இவர் செய்ததும் அதுதான். அது குற்றமானால் அந்த ஓடத்தில் ஏறிய நானும் குற்றவாளி; என்னையும் சேர்த்துத் தூக்கிலிடுங்கள்.' சொல்லும்போது அவர் குரல் முதலில் நடுங்கியது, பின்னர் நடுங்கவில்லை. அறையில் மின்விசிறியின் ஓசையன்றி வேறோசையில்லை. பாணராயிருந்த நண்பர் கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்தார்.

யாம் என் செய்தோம்? தாளைப் பார்த்தோம். 'நன்று, கவறு உருட்டுக' என்றோம். வீழ்ந்த எண் 9. ஒன்று கழிக்க 8. இரண்டாந் தோல்வி எனக் கட்டத்தில் குறித்தோம். அடுத்துப் பாணர், என் சொல்வதென அறியாராய், கோட்டைத்தலைவரின் மீசையைப் புகழ்ந்து ஒரு வேடிக்கை கூறினார், 16 வீழ்ந்தது, வெற்றி எனக் குறித்தோம். துறவி உருட்டினார்; மூன்றாந் தோல்வி. விடியற்காலையில் ஓடக்காரர் தூக்கிலிடப்பட்டார் என்று யாமே எம் வாயால் கதையை முடித்தோம்.

தம்பி தம் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாயிலருகே நின்று, 'அண்ணா, எண்தான் வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டிருக்கலாமே. நான் எதற்கு அவ்வளவு பேசினேன்?' என்றார். சினமில்லை, உண்மையாகவே விடை வேண்டி வினவியவர்போல் இருந்தது. எம்மிடம் விடையில்லை. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

விதிப்படியே நடந்தோம் என்று யாம் முதலில் எமக்குள் வாதாடினோம். அவ்வாதத்தை முதலில் உடைத்தவர் கணித நண்பர். அவர் ஒரு மாலை நேரம் தாளும் எழுதுகோலுமாக வந்து கணக்கொன்றைக் காட்டினார். ஒவ்வோர் உருட்டலிலும் வெல்லும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி எனக் கொள்ளின், 3 தோல்விக்குமுன் 6 வெற்றி ஈட்டும் வாய்ப்பு 256-ல் 37. அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 14. ஒற்றைத் தேர்வாயின் நூற்றுக்கு 50 இருந்திருக்கும். எம் நால்வரின் திறனெண்களைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கும் குறைவான வாய்ப்பே அன்று இருந்தது. யாம் அருளெனக் கருதி விரித்த தொடர் அம்முதியோர்க்குச் சுருக்காகவே அமைந்தது. தாளில் கட்டம் வரைந்தபோதே அவர் பெரும்பாலும் இறந்துவிட்டார். ஒவ்வோர் உருட்டலிலும் நான்கில் மூன்று பங்கு வெற்றிவாய்ப்பு இருப்பினும், 3 தோல்விக்குமுன் 4 வெற்றி நூற்றுக்கு 83 முறை கைகூடும். 12 வெற்றியோ நூற்றுக்கு 28 முறையே கைகூடும் என்றும் அவர் கணித்துக் காட்டினார். தொடரை நீட்டுவது வாய்ப்பை மிகுப்பதாகத் தோன்றும், உண்மையில் குறைக்கும். நடுவராவார் இதனை அறியாது கட்டம் வரைதல், அளவறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

ஆயினும் கணக்கு எம் பிழையின் பாதியே. அன்று கவறு 19 காட்டியிருப்பினும் தம்பியின் வினா அப்படியே நின்றிருக்கும். அவர் பேச்சும் மீசைப் புகழும் எம் தாளில் ஒரே அளவுள்ள கட்டங்களாயினவே; அதுவன்றோ குற்றம்? ஆகலின், எங்கே கவறு வேண்டும், எங்கே ஒருமுறை, எங்கே பன்முறை, எங்கே வேண்டவே வேண்டா என்பதனை ஆராயத் தலைப்பட்டோம். ஆராய்ச்சிக்கு எமக்குக் கிடைத்தவை எம் கையிலுள்ள இரண்டு நூல்களே: வேதாகமம் ஒன்று, பாடநூலாகிய சிலப்பதிகாரம் மற்றொன்று.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்களம் புகுகின்றாள். அரசியின் சிலம்பிற் பரல் முத்து; கண்ணகி சிலம்பிற் பரல் மாணிக்கம். சிலம்பு உடைகின்றது, மாணிக்கம் தெறிக்கின்றது, அரசன் தன் பிழை உணர்ந்து உயிர் நீக்கின்றான். இக்காட்சியைக் கதையாட்டமாக ஆடும் நடுவர் ஒருவர், 'சிலம்பை உடைத்தாய், நன்று, இனி 6 வெற்றி ஈட்டுக' என்பாராயின் அவரை யாது சொல்வோம்? அங்கே ஐயத்திற்கு இடமில்லை. சான்று வெளிப்பட்டது, கேட்போன் நீதியஞ்சும் மன்னன், முடிவு அப்போதே பிறந்தது. கவறு ஐயத்திற்கு உரியது. ஐயமில்லாவிடத்து அதனை உருட்டுதல் தீர்ந்த வழக்கை மீண்டும் தொடங்குதலாம்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் சீட்டுப்போடும் செய்தி ஒன்று உண்டு. யூதாசின் இடத்திற்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அவர்கள் எடுத்தவுடனே சீட்டுப் போடவில்லை. எத்தகுதி உடையவர் வேண்டும் என்பதை முதலில் வரையறுத்தனர். அத்தகுதி உடைய யோசேப்பு, மத்தியா என்னும் இருவரை நிறுத்தினர். ஜெபம் செய்தனர். மனித அறிவு செல்லுந்துணையும் சென்று, இருவரும் ஒத்து நின்ற இடத்திலேதான் சீட்டுப் போட்டனர். யாமோ தீர்ப்புச் செய்யும் கடமையைச் செய்யாது கவற்றின் தலையில் ஏற்றிவிட்டோம். அதற்கு விதி என்றும் நடுநிலை என்றும் பெயர் வைத்துக்கொண்டோம். உண்மையில் அது சோம்பல்.

அங்ஙனமாயின் தொடர்தேர்வு எவ்விடத்தும் ஆகாததோ எனின், அற்றன்று. அதே நூலின் இருபத்தேழாம் அதிகாரம் அதற்கு இணையற்ற சான்று. பவுல் கைதியாக ரோமாபுரிக்குச் செல்லுங்கால் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்றில் கப்பல் அகப்படுகின்றது. படவை இழுத்துக் கட்டுகின்றனர். கப்பலைச் சுற்றிக் கயிறு பூட்டுகின்றனர். மறுநாள் சரக்கை எறிகின்றனர். மூன்றாம்நாள் தளவாடங்களை எறிகின்றனர். பதினான்காம் இரவில் விழுது விட்டு ஆழம் பார்க்க 20 பாகம். சிறிது சென்று பார்க்க 15 பாகம். பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரம் இடுகின்றனர். தப்பியோட முயன்ற கப்பலாட்களைப் பவுல் வெளிப்படுத்தப் போர்ச்சேவகர் படவின் கயிற்றை அறுக்கின்றனர். அனைவரையும் உணவுகொள்ளத் தேற்றுகின்றார் பவுல். இறுதியில் கப்பல் உடைகின்றது. 276 பேரும் மெலித்தா தீவிற் கரை சேர்கின்றனர்.

இக்காட்சியை உற்றுநோக்கின் தொடர்தேர்வின் இலக்கணம் முழுதும் புலனாகும். எந்த ஒரு செயலும் தனித்து முடிவைத் தருவதில்லை. ஒவ்வொரு செயலும் நிலைமையை மாற்றுகின்றது. சரக்கை எறிந்தபின் அதனை மீண்டும் எறிய முடியாது, வேறொன்று செய்தல் வேண்டும். மாலுமிக்கும் போர்ச்சேவகனுக்கும் கைதிக்கும் அவரவர்க்குரிய வேலை உண்டு. கெட்டது அனைத்தும் கெட்டதன்று. கப்பல் போயினும் உயிர் பிழைக்கின்றது. வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே பல படிகள் உள. இத்தகைய இடத்தில் எண்ணிக் கணக்கிடுதல் கதைக்கு அரண் செய்யும்.

இவற்றால் எமக்கென நான்கு வினாக்களை வகுத்துக்கொண்டோம். தொடர்தேர்வு வைக்கக் கருதும்போதெல்லாம் இவற்றை எம்மையே கேட்கின்றோம். முதலாவது, இம்முடிவு ஒரே செயலால் பிறப்பதா, பல செயல் திரண்டு பிறப்பதா? ஒரே செயலாயின் ஒற்றைத் தேர்வே அமையும். அதனை ஆறாகக் கூறுபடுத்தல் வீண். இரண்டாவது, எல்லார்க்கும் இதில் கையுண்டா? வல்லார் ஒருவரே மீண்டும் மீண்டும் உருட்ட, ஏனையோர் தம் தோல்வி பிறரைக் கெடுக்குமென அஞ்சி வாளா இருப்பதாயின் அது தொடர்தேர்வன்று, ஒருவர் ஆட்டம். மூன்றாவது, ஒவ்வோர் உருட்டலுக்குப் பின்னும் மேசையில் ஏதேனும் மாறுகின்றதா? மாறாவிடின் கட்டம் நிரப்புதலே மிஞ்சும். நான்காவது, தோற்றால் கதை எங்கே செல்லும்? தோல்வியின் வழி சுவரில் முட்டுவதாயின் அக்கதவைக் கவற்றிடம் ஒப்படைத்தலாகாது.

இந்நான்கினோடு ஐந்தாவதொன்றும் சேர்த்தோம். அது வினாவன்று, கட்டளை. வேடம் பூண்டவர் தம் வாயாலேயே செயலைச் செய்து முடித்துவிட்டாராயின், நடுவர் முதலில் அச்சொல்லை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கவறு அதற்குப் பின்னரே.

இங்கே ஒரு தடை எழுந்தது. அதனை எழுப்பியவர் பாணராயிருந்த நண்பர். 'நன்றாகப் பேசுபவர் பேசியே வென்றுவிடுவாரானால், என்னைப் போன்றவன் பாணன் வேடம் பூணுவது எங்ஙனம்? வாள்வீரராக ஆடும் தம்பியை நீங்கள் ஒருநாளும் மூட்டை தூக்கிக் காட்டச் சொன்னதில்லையே. என்னை மட்டும் ஏன் பாடிக் காட்டச் சொல்ல வேண்டும்?' என்றார். இத்தடை வலிமையுடையது. நாவன்மை இல்லாதார்க்கு நாவலராக ஒரு மாலைப்பொழுது வாழும் வாய்ப்பைத் தருவது அத்திறனெண்ணே. அதனைப் பறித்தல் ஊன்றுகோலைப் பறித்தலாம். நெடிது ஆராய்ந்து இவ்வாறு தெளிந்தோம். நடுவர் நிறுக்கவேண்டியது சொல்லின் இனிமையை அன்று, பொருளை. 'கோட்டைத்தலைவருக்கும் ஒரு மகன் ஆற்றுக்கு அப்பால் சிக்கியுள்ளான் என்பதை நினைவூட்டுகிறேன்' என ஒருவர் தடுமாறிச் சொன்னாலும் பொருள் பொருளே. அது கேட்போர் நெஞ்சைத் தொடுமாயின் இலக்கைக் குறைத்தலோ, தேர்வையே நீக்குதலோ தகும். 'இனிமையாகப் பேசி இணங்க வைக்கிறேன்' என நோக்கத்தை மட்டும் ஒருவர் கூறின், அப்போது கவறு பேசட்டும். இவ்வகையால் பேசவல்லாரும் மாட்டாதாரும் ஒரே மேசையில் ஆடல் கூடும்.

இத்தெளிவு பிறந்த மறுநாள் யாம் தம்பியின் அறைக்குச் சென்றோம். பிழை எம்முடையதே என்றும், அவர் பேசி முடித்தபோதே கோட்டைத்தலைவர் மனம் மாறியிருத்தல் வேண்டும் என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்த் தம் அன்னையாரைப்பற்றிக் கூறினார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அவ்வம்மையார் மணமாகாத இளம்பெண். முன்பின் அறியாத முதியவர் ஒருவர் அவரை நீரினின்றும் இழுத்துத் தம் படகில் ஏற்றினாராம். அம்முதியவர் பெயர் இன்றளவும் அவர்களுக்குத் தெரியாது. 'அம்மா அடிக்கடி சொல்வார்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த வீரன் பேசும்போது தானாக வந்துவிட்டது' என்றார் தம்பி.

அதனைக் கேட்ட எமக்கு நாணத்தால் தலை நிமிரவில்லை. யாம் எண் கேட்டது எதற்கு என்பது அப்போதுதான் முழுதும் விளங்கிற்று. அக்காட்சியை அழித்து மீண்டும் ஆடலாம், ஓடக்காரரைப் பிழைக்கச் செய்யலாம் என்றோம். தம்பி தலையசைத்து மறுத்தார். 'வேண்டாம் அண்ணா. இறந்தவர் இறந்தவராகவே இருக்கட்டும். அவருடைய ஓடம் கரையில்தானே கிடக்கிறது? அதை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஐவரும் கூடினோம். வாள்வீரர் வாளைக் கழற்றிவைத்துத் துடுப்பை எடுத்தார். ஆற்றில் வெள்ளம், ஓடத்தில் பதினொரு ஏதிலிகள், பின்னால் கோட்டையின் தீவட்டிகள். யாம் எம் நான்கு வினாக்களையும் கேட்டுப் பார்த்தோம். நான்கும் தொடர்தேர்வு தகும் என்றன. அவ்வாறே 3 தோல்விக்குமுன் 6 வெற்றி என வைத்து, இம்முறை கணித நண்பரைக் கலந்து இலக்கெண்களைத் தாழ்த்தி, கணக்கையும் ஒளிக்காது எல்லாரும் காண மேசைமேல் எழுதினோம். தோல்வியின் விலையையும் முன்னரே சொன்னோம். மூன்றாவது தோல்வியில் ஓடம் கவிழாது, பகைவர் கரையில் ஒதுங்கும்.

மந்திரவாதி நீரோட்டத்தின் சுழிகளைக் கண்டு வழி சொன்னார். துறவி பாறையில் கயிறு பிணிக்க முயன்று தவறினார். உணவு மூட்டைகள் நீரிற் போயின. பாணர் அழும் குழந்தைகளைத் தாலாட்டி அடக்கினார். உண்மையாகவே ஒரு தாலாட்டை இரண்டடி பாடினார், சுருதி சிறிதும் சேரவில்லை, எவரும் நகைக்கவுமில்லை. ஒரு துடுப்பு முறிந்தது, இரண்டாந் தோல்வி. ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி என நின்றபோது, கவறு தம்பி கைக்கு வந்தது. உருட்டுமுன் அவர், 'கிழவர் எப்படித் துடுப்புப் போட்டாரோ அப்படியே போடுகிறேன்' என்றார். வீழ்ந்த எண் 14. தோள்வலியைக் கூட்ட இலக்கைக் கடந்தது. ஐவரும் எழுந்து ஆரவாரித்தோம். விடுதிக் காப்பாளர் வந்து, மணி பதினொன்றாயிற்று, விளக்கை அணையுங்கள் எனக் கடிந்து சென்றார்.

அன்று அக்கவறு எமக்குப் பகையாகத் தோன்றவில்லை. அதற்குரிய இடத்தில் அதனை வைத்தபோது அது அச்சமும் மகிழ்ச்சியும் தந்தது. வேறெதனாலும் அத்துணை மகிழ்ச்சி வந்திராது. வெள்ளத்தின் போக்கை எவரறிவார்? ஆகவே அங்கே கவறு தகும். ஒருவன் தன் நெஞ்சைத் திறந்து வைத்தபின் அதனைக் கேட்பவன் செய்யவேண்டியது யாது என்பதை அறிவதற்குக் கவறு வேண்டா.

நம் கல்லூரி வாழ்வினும் எண்கள் பல உள. மதிப்பெண்ணும், வருகைக் கணக்கும், வரிசை எண்ணும் நாள்தோறும் எழுதப்படுகின்றன. அவை வேண்டாவென யாம் கூறவில்லை. பலர் கூடிப் பலநாட் செய்யும் முயற்சியை அளத்தற்கு எண் வேண்டும். ஒரு தம்பி முதன்முறையாக எழுந்து நின்று பேசும்போது மட்டும் தாளைச் சிறிது கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போமாக. இஃதே எம் கதையாட்டம் எமக்குக் கற்பித்தது. அவ்வோடம் இன்றும் எம் கதையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதன் முன்புறத்தில் அம்முதியோர் பெயரைப் பொறிக்கத் தம்பி விரும்பினார். யாம் அவர்க்குப் பெயரே வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெயரின்றியே விட்டுவைத்திருக்கின்றோம்.